நாய்க்கு உடம்பு சரியில்லை: எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்

முதன்முறையாக நாய் வளர்க்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், தம் குட்டி ஒருமுறை வாந்தி எடுத்தாலும் பதற்றமாகிவிடுவதாகவும், தேடிப் படிக்கப் படிக்க அச்சம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறார். எதற்கெல்லாம் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம், எவற்றை முன்கூட்டியே தடுக்கலாம் என்பது அவருடைய கேள்வி. அவர் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் அந்த வரிசையே சரியானது. நாய் வளர்ப்போர் பெரும்பாலும் "இது என்ன நோய்?" என்று தேடத் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். அதைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. அவருக்கே அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படும். வீட்டில் இருப்பவர் தீர்மானிக்க வேண்டியது, கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை மட்டுமே.

அதைத் தீர்மானிக்க, நலமாக இருக்கும்போது உங்கள் நாய் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நமக்குக் காய்ச்சலாகிவிடும் 38.5 டிகிரி, நாய்க்கு வெறும் ஆரோக்கியம். தொட்டுப் பார்த்து "உடம்பு கொதிக்கிறது" என்று முடிவு செய்து, மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. காய்ச்சலே இல்லாத நாய்க்கு நஞ்சைக் கொடுத்த கதையாக அது முடியலாம். மூக்கு ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சிறிய டிஜிட்டல் வெப்பமானியின் முனையில் சிறிது வழவழப்பான களிம்பு தடவி, ஆசனவாய் வழியாக அளப்பதே நம்பத்தக்க வழி. அடுத்தது மூச்சு. நாய் நன்றாக உறங்கும்போது விலா ஏறி இறங்குவதை முப்பது விநாடிகள் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. பல நாட்கள் தொடர்ந்து 30-க்கு மேலே போனால், குறிப்பாக வயதான நாய்க்கு, இதயத்தைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். மூன்றாவதாக, மேலுதட்டை விலக்கி ஈற்றைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். பிறப்பிலேயே ஈறு கறுத்திருக்கும் நாய்களுக்குக் கீழ் இமையின் உட்பக்கத்தைப் பார்க்கலாம். இந்த மூன்றையும் நாய் நலமாக இருக்கும்போதே சில முறை பார்த்துக் குறித்து வைத்திருப்பவர், நள்ளிரவில் தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லும் ஒரே வாக்கியம், பத்து நிமிடப் பதற்றப் பேச்சைவிடப் பயன்படும்.

இனி, நேரமே இல்லாதவை. இவற்றில் நான் முதலிடம் கொடுப்பது வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற, மார்புக்கூடு ஆழமாக அமைந்த பெரிய இனங்களில் இது அதிகம். இரைப்பையில் காற்று நிறைந்து, பிறகு அது தன்னைத்தானே சுற்றிக்கொள்வதால் உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி இரண்டும் அடைபட்டு, ரத்த ஓட்டமும் நின்று போகிறது. அடையாளம் மிகத் தெளிவானது: நாய் திரும்பத் திரும்பக் குமட்டும், கழுத்தை நீட்டி முதுகை வளைத்து முயலும், ஆனால் வெள்ளை நுரையைத் தவிர ஒன்றும் வராது, ஓரிடத்தில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நடக்கும், விலாவுக்குப் பின்னால் வயிறு விம்மியிருக்கும். வாந்தி வெளியே வரும் நாயைவிட, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராத நாய்தான் பெரும் ஆபத்தில் இருக்கிறது. வயிறு சரியாகிவிடும் என்று விடியும்வரை காத்திருந்தால் பல நேரங்களில் அறுவைச் சிகிச்சைக்கும் காலம் கடந்துவிடும். ஒரே வேளையில் வயிறு நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுவதும், அள்ளி விழுங்கும் நாய்க்கு மெதுவாக உண்ண வைக்கும் தட்டு வைப்பதும் ஓரளவு உதவும். ஆபத்து மிகுந்த இனமாக இருந்தால், கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்து நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது.

வெப்பத் தாக்கமும் அதே வகைதான். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் குறிப்பிடத்தக்க அளவு வியர்ப்பதில்லை. இரைத்துத்தான் அது உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அந்த வழியும் குறுகலானது. வெளியே வெறும் 22 டிகிரியாக இருக்கும் நாளிலும், வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்து முடிகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை என்பதை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. காரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வெப்ப நேரத்தில் ஓட்டமும் பந்து விளையாட்டுமே பல நாய்களை இந்த நிலைக்குக் கொண்டுவருகின்றன, ஏனென்றால் பந்தின் பின்னால் ஓடும் நாய் களைப்பு வந்ததும் தானாக நின்றுவிடும் என்று நம்ப முடியாது. நாய் தள்ளாடினாலோ, இரைப்பு அடங்காமல் நாக்கு அடர்சிவப்பாக மாறினாலோ, முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு வண்டியில் ஏற்றுங்கள். உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக் காற்று படச் செய்ய வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு, ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு, திடீரென வெளுத்துப்போன ஈறு, காலைத் தூக்கித் தூக்கி முயன்றும் சிறுநீர் வராத ஆண் நாய் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. உடனே புறப்பட வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் சோர்ந்து படுத்து நிறையத் தண்ணீர் குடித்தால், கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். கசிவு எதுவும் வெளியே தெரியவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய் மூடிய கருப்பையே அதிக ஆபத்தானது.

நஞ்சுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே மக்கள் அஞ்சும் வரிசையும் ஆபத்தின் வரிசையும் பொருந்துவதில்லை. சாக்லேட் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கெடுதல் என்பதுதான் தெரிவதில்லை. அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தியும் பரபரப்பும் தொடங்கலாம். 40 முதல் 50 மில்லிகிராமில் இதயத் துடிப்பு குலையலாம். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராமும், கறுப்புச் சாக்லேட்டில் 5 மில்லிகிராமும் அதற்கு மேலும், இனிப்புச் சேர்க்காத கோகோ தூளில் அதைவிடப் பல மடங்கும் இருக்கும். ஆகவே, பத்து கிலோ எடையுள்ள நாய் பால் சாக்லேட்டில் ஒரு சிறு துண்டைத் தின்றதற்கு இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியதில்லை. அதே நாய் கறுப்புச் சாக்லேட்டில் நூறு கிராம் தின்றிருந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

சைலிட்டால் அப்படியல்ல. சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில பற்பசைகள், சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சேர்க்கப்படும் இந்த இனிப்பு மனிதருக்குத் தீங்கற்றது. நாயின் உடலோ அதைச் சர்க்கரை என்று எண்ணி இன்சுலினைக் கொட்டிவிடுகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழலாம். கிலோவுக்கு 0.1 கிராம் போதும், அதாவது சிறிய நாய்க்குச் சில வகைச் சூயிங்கத்தில் ஒன்றிரண்டு துண்டுகளே அதிகம். அளவு கூடினால் கல்லீரலும் செயலிழக்கும். வீட்டிலுள்ள பொட்டலங்களின் பின்புறம் எழுதியிருப்பதை ஒருமுறை உட்கார்ந்து படிப்பது, நாய் நலம் பற்றிய பத்துக் கட்டுரைகளைப் படிப்பதைவிட மேல்.

திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைத் தாக்கும். ஒரு நாய் கைப்பிடியளவு தின்றும் நலமாக இருக்க, இன்னொரு நாய் சில பழங்களிலேயே வீழ்வது ஏன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. பழத்திலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்ற கருத்து 2021-க்குப் பிறகு வலுப்பெற்றுள்ளது. அதன் அளவு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால், "போன முறை ஒன்றும் ஆகவில்லை" என்ற அனுபவம் இங்கே செல்லாது. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதன் விளைவு சில நாட்கள் கழித்தே தெரிவதால், தின்றதும் நோயும் தொடர்புள்ளவை என்றே வீட்டார் நினைப்பதில்லை. ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீட்டு மருந்துப் பெட்டியை எட்டாத உயரத்தில் வைப்பது குழந்தைக்காக மட்டுமல்ல.

ஏதேனும் தின்றுவிட்டது தெரிந்தால் உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நாயைக் கொல்லக்கூடும். அமிலம், மண்ணெண்ணெய் போன்றவற்றை விழுங்கியிருந்தால் வாந்தியே கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும், நுரையீரலுக்குள்ளும் போகும். தின்ற பொருளின் உறை, தின்ற நேரம், ஏறத்தாழ எவ்வளவு, நாயின் எடை ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

இப்போது காத்திருக்கக் கூடியவற்றுக்கு வருவோம். வளர்ந்த நாய் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றால், பசி இருந்தால், தண்ணீர் உள்ளே தங்கினால், ஒரு வேளை உணவை நிறுத்திவிட்டு அடுத்த நாள்வரை கவனிக்கலாம். ஒருமுறை கழிச்சல், ஒருவேளை உணவை மறுத்தல், விளையாடிய பிறகு சற்று நொண்டுதல் ஆகியவையும் இப்படியே. ரத்தம் கலந்தால், ஒரே நாளில் பலமுறை தொடர்ந்தால், சோர்வு சேர்ந்தால் இந்தச் சலுகை முடிந்துவிடுகிறது.

கேட்டவர் வைத்திருப்பது குட்டி என்பதால், அதற்கு இந்தச் சலுகையை நான் தர மாட்டேன். தடுப்பூசி வரிசை முடியாத குட்டி வாந்தியும் கழிச்சலுமாகச் சுருண்டு படுத்தால், அது பார்வோவாக இருக்கக்கூடும் என்றே கருதி அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ், குடலின் உட்சுவரையும் வெள்ளணுக்களையும் ஒருசேரத் தாக்குகிறது. மண்ணிலும் தரையிலும் அது பல மாதங்கள், சில சூழல்களில் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். கையைத் துடைக்கும் ஆல்கஹால் திரவத்துக்கு அது மசியாது. 1-க்கு 30 என்ற அளவில் நீர் கலந்த பிளீச்சிங் கரைசலுக்கு மசியும். வெளியே போகாத குட்டிக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்கள் தங்கள் செருப்பின் அடியைப் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி போட்டும் வந்துவிட்டதே என்ற புலம்பலுக்கும் விடை உண்டு. தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டியின் உடலில் இருக்கும்வரை அவை தடுப்பூசியையும் அடக்கிவிடுகின்றன. அவை எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு அமையுமாறு பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இரண்டு ஊசியோடு நிறுத்துவதுதான் நான் பார்க்கும் மிகப் பரவலான தவறு. இன்னொரு பக்கம், ஊசி முடியும்வரை குட்டியை அறைக்குள்ளேயே அடைத்து வைப்பதும் சரியல்ல, ஏனென்றால் மனிதர், ஓசை, வாகனம் ஆகியவற்றுக்குப் பழகும் பருவம் மூன்றாவது மாதத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தரையில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாம். தடுப்பூசி முறையாகப் போட்ட நாய்களோடு பழக விடலாம்.

ரேபீஸ் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது அரிதினும் அரிது; மனிதருக்கு வரும் ரேபீஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலமே பரவுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அறிமுகமில்லாத விலங்கு உங்கள் நாயைக் கடித்துவிட்டால், ஏற்கெனவே தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் அதற்கு மறு ஊசி தேவை. உங்களைக் கடித்திருந்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். காயம் சிறிது, வளர்ப்பு நாய்தானே என்ற கணக்கெல்லாம் பிறகு.

தடுக்கக் கூடியவற்றில் என் அனுபவத்தில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது உண்ணி. பழுப்பு நாய் உண்ணி தன் முழு வாழ்நாளையும் வீட்டுக்குள்ளேயே கழிக்கக் கூடியது. ஒரு பெண் உண்ணி சுவர் விரிசலில் சில ஆயிரம் முட்டைகளை இட்டுவிட்டுச் சாகும். எனவே நாயின் மேல் இரண்டு தெரிந்தால், வீட்டில் நூற்றுக்கணக்கில் காத்திருக்கின்றன என்று கொள்ள வேண்டும். காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்குக் கீழே, விரல் இடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களை விரல் நுனியால் தடவிப் பார்த்தால், பருப்பளவு உருண்டையாகத் தட்டுப்படும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராகவும் மெதுவாகவும் இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பால் சுடுவது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம். உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகள் ரத்தத்தைப் பாழாக்கும். காய்ச்சல், பசியின்மை, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மருந்தைப் பொதுவாக 28 நாட்கள் தருவார்கள். மூன்றாம் நாளே நாய் துள்ளத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடுபவர்கள், சில மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையே தளர்ந்துபோன நாயோடு திரும்பி வருகிறார்கள்.

உண்ணி மருந்துகளைப் பற்றிய அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. மாத்திரையாகத் தரப்படும் ஐசாக்சசோலின் வகை மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. வலிப்பு வரலாறு உள்ள நாய்க்கு அதை முன்கூட்டியே சொல்லி வேறு மருந்து கேட்க வேண்டும். மற்ற நாய்களுக்கு, உண்ணிக் காய்ச்சலோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து சிறியது என்பதே என் கருத்து. ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் என்ற மருந்தின் விஷயம் வேறு. கோலி போன்ற மேய்ப்பு இனங்கள் பலவற்றில் காணப்படும் ஒரு மரபணுக் குறைபாட்டால், இந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடுகிறது. காரணம் 2001-இல்தான் கண்டறியப்பட்டது. இதயப்புழுவைத் தடுக்கத் தரும் மிகச் சிறிய அளவு அவற்றுக்கும் பாதுகாப்பானது. மாட்டுக்கான ஊசி மருந்தை நாய்க்குக் கணக்குப் போட்டுச் செலுத்துவதில்தான் உயிர் போகிறது.

இதயப்புழு கொசுவால் பரவுவது, அடி நீளத்துக்கு வளர்வது, வந்த பின் சிகிச்சை கடினமானது, மாதாந்தர மருந்தால் எளிதாகத் தடுக்கக் கூடியது. குடற்புழு நீக்கத்தைக் குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்தே தொடங்குவார்கள், ஏனென்றால் உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். அது குழந்தைகளுக்கும் தொற்றும்.

பதற்றமே தராமல் ஆயுளைக் குறைப்பது உடல் பருமன். 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவிட்டு வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எந்த மருந்துக்கும் இந்தச் சாதனை இல்லை. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரிய வேண்டாம், ஆனால் லேசாகத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு குறுகியிருக்க வேண்டும். பல்லும் அப்படியே மெதுவாகக் கெடுவது. மூன்று வயதுக்குள் பெரும்பாலான நாய்களுக்கு ஈறு நோயின் தொடக்கம் இருக்கும். துலக்கப் பழக்குவதற்குக் குட்டிப் பருவமே ஏற்றது, பற்பசை நாய்க்கென்று செய்ததாக இருக்கட்டும்.

தொலைந்துபோகும் அச்சத்துக்கு மைக்ரோசிப் நல்ல துணை, ஆனால் அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி அல்ல. அரிசி அளவே உள்ள அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. யாராவது நாயைக் கண்டெடுத்து, கருவியால் படித்து, பதிவேட்டில் தேடினால்தான் உங்கள் பெயர் வரும். எண்ணைப் பதிவு செய்யாமலோ, மாறிய தொலைபேசி எண்ணைத் திருத்தாமலோ விட்டால் அது இருந்தும் பயனில்லை. கழுத்துப்பட்டையில் எண் பொறித்த தகடும் இருக்கட்டும். பட்டாசும் இடியும் கேட்கும் இரவுகளில்தான் நாய்கள் வேலி தாண்டுகின்றன. அன்றைக்குக் கதவை இருமுறை பாருங்கள்.

குட்டி வளர்ந்து ஏழெட்டு வயதாகும்போது வேறொரு வகைக் கவனம் தேவைப்படும். அப்போது முதலில் மாறுவது பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணம். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது மிகுதி. சிறுநீரகம், சர்க்கரை, அட்ரீனல் சுரப்பி ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்து, இரண்டு மூன்று நாள் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். குடிப்பதைக் குறைக்கிறேன் என்று கிண்ணத்தை எடுத்து வைத்துவிட வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அந்தக் கணக்கோடு, அன்று காலை முதலில் கழித்த சிறுநீரில் சிறிதைச் சுத்தமான மூடியிட்ட புட்டியில் பிடித்துக் கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.